குழந்தைகளும் அழகு நிலையமும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதின் சாரம்)



இன்று நான் பேசவேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்ட விஷயம் உங்களில் சிலருக்கு மிகவும் அற்ப விஷயமாகத் தோன்றலாம். "சாதியைப் பற்றியோ, மூடநம்பிக்கையைப் பற்றியோ பேசுவதை விட்டுவிட்டு, பிள்ளைகளை எந்த வயதில் அழகு நிலையத்திற்கு அழைத்துப் போவது என்பதற்கா மேடை போடுவது?" என்று கேட்பீர்கள். நான் இதை அற்ப விஷயமாகக் கருதவில்லை. ஏனென்றால், ஒரு மனிதனுக்குத் தன் உடம்பைப் பற்றிய இழிவு எண்ணம் எந்த வயதில் புகுத்தப்படுகிறதோ, அந்த வயதிலேயே அவனுடைய தன்மானத்தின் வேரில் வெந்நீர் ஊற்றப்படுகிறது. பிறகு அவன் பெரியவனாகி எத்தனை கூட்டங்களுக்குப் போனாலும், எத்தனை புத்தகங்களைப் படித்தாலும், கண்ணாடியின் முன் நின்றவுடன் அடிமையாகிவிடுகிறான். பெண்ணாயிருந்தாலோ கேட்கவே வேண்டியதில்லை.

நான் சொல்லப்போவதை நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் நம்பவேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

இன்று நடப்பது என்ன?

முன்பெல்லாம் பெரிய பட்டணங்களில் மாத்திரம் இருந்த அழகு நிலையம் இன்று தாலுகா ஊர்களிலும், பஸ் நிற்கிற கிராமங்களிலும் வந்துவிட்டது. வந்ததில் தவறில்லை. பெண்கள் தாங்களே முதல் போட்டு, தாங்களே தொழில் செய்து, யார் கையையும் எதிர்பாராமல் சம்பாதிக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. ஆகையால் அந்தத் தொழிலை நான் குறை சொல்ல வரவில்லை. அங்கே பத்து வயது, பன்னிரண்டு வயதுக் குழந்தைகளை உட்காரவைத்துச் செய்யப்படுகிற காரியங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு பெண் குழந்தை பெரியவளாகிவிட்டாள் என்றால், அது உடம்பின் வளர்ச்சியில் ஏற்படுகிற ஒரு சாதாரண மாறுதல். மீசை அரும்புவதைப் போன்றது. குரல் உடைவதைப் போன்றது. பையனுக்குக் குரல் உடைந்ததென்று யாராவது பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டுகிறார்களா? பெண்ணுக்கு மாத்திரம் மஞ்சள் நீராட்டு என்றும், பூப்புனித நீராட்டு விழா என்றும் கடன் வாங்கிச் செய்கிறார்கள். அந்த விழாவுக்கு ஒரு வாரத்திற்கு முன்பே குழந்தையை அழகு நிலையத்திற்கு அழைத்துப்போய், முகத்திற்கு "பிளீச்" போடுகிறார்கள், புருவத்தைத் திருத்துகிறார்கள், கைகால் உரோமத்தை மெழுகு வைத்துப் பிடுங்குகிறார்கள், சுருட்டை முடியை மருந்து போட்டு நிமிர்த்துகிறார்கள். பிறகு அவளை மேடையில் உட்காரவைத்துப் படம் பிடித்து, தெருமுனையில் ஆள் உயரத்திற்குத் தட்டி வைக்கிறார்கள்.

அந்தக் குழந்தை அதுவரையில் என்ன நினைத்துக்கொண்டிருந்தது? பள்ளிக்கூடம் போயிற்று, ஓடிற்று, விளையாடிற்று. தன் நிறம் ஒரு குறை என்றும், தன் கையிலுள்ள உரோமம் ஒரு குறை என்றும், தன் முடியின் சுருள் ஒரு குறை என்றும் அதற்குத் தெரியாது. பெற்ற தாயும், அத்தையும், சித்தியும் கூடி நின்று, கூலி கொடுத்து, அதை அதற்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இதுதான் அந்த விழாவில் அவள் பெறுகிற முதல் சீர்.

இரண்டு கட்சிக்காரர்கள்

இந்த விஷயத்தில் நம் நாட்டில் இரண்டு கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு கட்சியார், "பெண்பிள்ளை அழகு நிலையத்திற்குப் போவதே பண்பாட்டுக்கு விரோதம், புருவத்தைத் தொட்டால் குடும்பம் கெட்டுவிடும்" என்பார்கள். மற்றொரு கட்சியார், "காலம் மாறிவிட்டது; எல்லோரும் செய்கிறார்கள்; நாம் செய்யாவிட்டால் நம் பெண்ணை யார் மதிப்பார்கள்?" என்பார்கள். பார்வைக்கு இவர்கள் எதிரிகளைப் போலத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் இருவரும் ஒரே இனத்தவர்கள்தான். முதல்வர் பாட்டன் செய்ததைக் கேட்டு நடக்கிறார். இரண்டாமவர் பக்கத்து வீட்டுக்காரர் செய்ததைப் பார்த்து நடக்கிறார். இருவரில் ஒருவராவது அந்தக் குழந்தையைக் கேட்டதில்லை. ஒருவராவது அந்த மருந்தில் என்ன இருக்கிறதென்று டப்பாவைத் திருப்பிப் படித்ததில்லை.

பகுத்தறிவுக்காரன் செய்யவேண்டியது என்னவென்றால், பழக்கம் என்பதற்காகத் தடுக்காமலும், நாகரிகம் என்பதற்காக விடாமலும், மூன்றே கேள்விகள் கேட்கவேண்டியது. இது யாருடைய ஆசை? குழந்தையுடையதா, பெரியவர்களுடையதா? இதனால் உடம்புக்கு என்ன வரும்? நாளைக்கு வேண்டாமென்று தோன்றினால் இதை மாற்றமுடியுமா? இந்த மூன்றுக்கும் விடை சொல்லிப் பார்த்தால் வயது தானாகவே விளங்கிவிடும்.

எதற்கு எந்த வயது?

முடி வெட்டுவது, நகம் வெட்டுவது, பேன் எடுப்பது ஆகிய இவைகளெல்லாம் சுத்தத்தைச் சேர்ந்தவை. இவைகளுக்கு வயது கிடையாது. பெண் குழந்தைக்கும் முடியைக் குட்டையாக வெட்டிவிட்டால் தாய்க்கு வேலை மிச்சம், குழந்தைக்கும் சுகம். ஆனால், கத்தியின் பிளேடு புதிதா என்று கேட்டு வாங்குங்கள். ஒருவர் உடம்பில் பட்ட பிளேடு மற்றொருவர் உடம்பில் பட்டால், இரத்தத்தின் மூலம் பரவுகிற மஞ்சள் காமாலைக் கிருமி தொற்ற இடமுண்டு. ஒரே துண்டையும் சீப்பையும் எல்லோருக்கும் உபயோகிப்பதால் படர்தாமரையும் பேனும் வரும். கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம்; நல்ல தொழிலாளி அதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இரண்டாவது, உரோமம் எடுப்பது. ஆறு வயது, எட்டு வயதுக் குழந்தைக்கு உள்ள பூனைமுடியைப் பிடுங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அதை மாவு வைத்துத் தேய்த்தாலும் போகாது, தோல்தான் புண்ணாகும். சூடான மெழுகு சிறு குழந்தையின் தோலைச் சுட்டுவிடும். உரோமக் காலில் சீழ் வைக்கும். ஆனால் பெரியவளாகிற வயதில் மேலுதட்டில் முடி கறுத்து, பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்து, அந்தப் பெண்ணே வந்து, "அம்மா, இதை எடுத்துவிட்டால் தேவலை" என்று கேட்டால், அப்போது என்ன செய்வது? நான் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்லுவேன். நூலால் எடுத்தால் சிறிது வலி. சில வாரங்களில் மறுபடியும் முளைக்கும். பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. ஒரு தடவை எடுத்தால் முடி தடித்து முளைக்கும் என்பதும் வெறும் கட்டுக்கதையே. கேட்கிற குழந்தையை "உனக்கு இந்த வயதில் என்ன அலங்காரம்?" என்று ஏசி அனுப்புவது கொடுமை. ஆனால் அதோடு சேர்த்து, "இது உன்னிடமுள்ள குறையல்ல, கேலி செய்தவர்களிடமுள்ள குறை. உனக்குச் சௌகரியமென்று தோன்றினால் எடுத்துக்கொள், தோன்றாவிட்டால் விட்டுவிடு" என்று ஒரு வார்த்தையையும் சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வார்த்தைதான் முக்கியம்.

மூன்றாவது, மருந்து போடுகிற வேலைகள். முடிக்குச் சாயம் போடுவது, முடியை மருந்தினால் நிமிர்த்துவது, முகத்திற்கு பிளீச் போடுவது முதலியவை. இவைகளில்தான் நீங்கள் கண்டிப்பாயிருக்கவேண்டும். சிறு குழந்தையின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. அதன் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம். ஆகவே ஒரே அளவு மருந்து பூசினாலும், உடம்பின் எடைக்குத் தக்கபடி பார்க்கும்போது குழந்தைக்குள் இறங்குவது அதிகம்.

கறுப்புச் சாயங்கள் அநேகமானவற்றில் பாரா-ஃபினிலீன்-டையமின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது சிலருக்கு ஒவ்வாது. முகம் வீங்கும், தலை கொப்புளிக்கும், நீர் வடியும். ஒரு தடவை உடம்பு அதை எதிரியென்று அறிந்துகொண்டுவிட்டால், பெரும்பாலும் ஆயுள் முழுதும் மறக்காது. ஐரோப்பிய யூனியனில் 2011-ஆம் வருஷம் முதல் இத்தகைய சாயப் பெட்டிகளின்மேல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரியதல்லவென்று அச்சிடவேண்டுமென்று சட்டம் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்திலும், தோலில் எரிச்சல் உண்டாக்கலாம், முன்னதாகச் சோதித்துப் பார்க்கவேண்டும், புருவத்திற்கும் இமைக்கும் போட்டால் கண் குருடாகலாம் என்று பெட்டிமேல் எச்சரிக்கை போடவேண்டுமென்றிருக்கிறது. அந்த எச்சரிக்கையை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? பஞ்சாங்கத்தில் ராகுகாலத்தைத் தேடித் தேடிப் படிக்கிறவர்கள், பெட்டியின் முதுகில் எழுதியிருப்பதை ஒரு நாளாவது படிக்கக்கூடாதா?

முடியை நிமிர்த்துகிற மருந்துகள் சிலவற்றைத் தடவிச் சூடான இரும்பால் இழுக்கும்போது ஃபார்மால்டிஹைடு என்கிற ஆவி கிளம்புகிறது. ஆஸ்பத்திரியில் பிரேதம் அழுகாமலிருக்கப் போடுகிறார்களே ஃபார்மலின், அதிலுள்ள சரக்குதான் இது. இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதென்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இலேயே தீர்மானித்தது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருஷங்கள் கவனித்து 2022-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வருஷத்தில் நாலு தடவைக்கு மேல் முடி நிமிர்த்தும் மருந்து உபயோகித்தவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய், உபயோகிக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது. அவர்கள் எல்லோரும் வளர்ந்த பெண்கள். இதனால் மருந்துதான் நோயைக் கொடுத்தது என்று முடிவாகச் சொல்லிவிட முடியாது. சேர்ந்து காணப்பட்டது என்றுதான் சொல்லலாம். ஆனால் வளர்ந்தவர்கள் விஷயத்திலேயே இவ்வளவு சந்தேகம் இருக்கும்போது, பன்னிரண்டு வயதில் ஆரம்பித்துவைக்கவேண்டிய அவசரம் என்ன வந்துவிட்டது? முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மருந்தினால் கெட்ட நீண்ட முடி முழுதும் போய்ப் புது முடி வர வருஷக் கணக்காகும். விழாவோ ஒரு நாள்.

ஆகவே, இந்த மருந்து வேலைகளுக்கு 16 வயதிற்கு முன் "இல்லை" என்பதே என் அபிப்பிராயம். அதற்குப் பிறகும், செய்துகொள்ளுகிறவரே டப்பாவைப் படித்து, காதின் பின்புறம் ஒரு துளி தடவி, 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் செய்யட்டும்.

நிறத்திற்கு வயதே இல்லை

நாலாவது, வெளுப்பாக்குகிற வேலை. இதற்கு எந்த வயது என்று கேட்டால், எந்த வயதுமில்லை என்பேன். ஐந்து வயதிலும் வேண்டாம், ஐம்பதிலும் வேண்டாம். கறுப்பு ஒரு நோயல்ல. தோலிலுள்ள மெலனின் என்கிற பொருள் வெய்யிலின் கெடுதலிலிருந்து உடம்பைக் காக்கிறது. இந்த நாட்டு வெய்யிலில் அது நமக்குக் கிடைத்த ஒரு குடை. குடையைக் கிழித்துக்கொண்டு வெய்யிலில் நிற்பதற்குக் காசும் கொடுக்கிறோம்.

கணக்கில்லாமல் விற்கிற சில முகப்பசைகளில் பாதரசம் கலந்திருக்கிறது. பாதரசம் தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைப் பூசிக்கொண்ட தாயின் துண்டிலிருந்தும் தலையணையிலிருந்தும் கைக்குழந்தைக்கும் போகும். 2023-இல் கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்து மருத்துவர்கள், வெளுப்புப் பசை பூசிவந்த பலருக்குச் சிறுநீரக நோய் கண்டதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 2013-இல் உலக நாடுகள் கூடி மினமாட்டா உடன்படிக்கை என்று பாதரசத்தைப் பற்றிச் செய்துகொண்டதில் இத்தகைய பசைகளை ஒழிக்கவேண்டுமென்றும் சேர்த்திருக்கிறார்கள். வேறு சில பசைகளில் ஸ்டிராய்டு மருந்து இருக்கிறது. பூசின சில நாளில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் எரியும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷம் ஒன்றுண்டு. அது டப்பாவில் இல்லை. நம் நாக்கில் இருக்கிறது. "கறுப்பாயிருந்தாலும் களையான முகம்" என்று குழந்தையின் எதிரிலேயே சொல்லுகிறோமே, அந்த "ஆயிருந்தாலும்" என்பதற்கு என்ன அர்த்தம்? வெள்ளைத் தோலை மேல் என்றும் கறுப்புத் தோலைக் கீழ் என்றும் சொல்லுவது, ஒரு பிறவியை மேல் என்றும் மற்றொரு பிறவியைக் கீழ் என்றும் சொல்லுவதற்குச் சொந்தத் தம்பியேயாகும். ஒன்றை ஒழிக்கவேண்டுமென்று மேடையில் பேசிவிட்டு, மற்றொன்றை வீட்டிற்குள் பசை வாங்கி வளர்ப்பது என்ன யோக்கியதை?

இயற்கை என்ற மாயம்

"நாங்கள் மருந்து போடுவதில்லை, எல்லாம் இயற்கை, எல்லாம் மூலிகை, எங்கள் பாட்டி காலத்தது" என்று சிலர் சொல்லுகிறார்கள். பாட்டி செய்தாள் என்பது ஒரு காரணமாகாது. கண்ணுக்கு இடுகிற சுருமாவில் ஈயம் இருக்கிறதென்று பல இடங்களில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும். அதற்கு இவ்வளவு வரையில் கெடுதலில்லை என்கிற அளவே கிடையாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. அதே மாதிரி, மருதாணி இலை அரைத்து வைத்தால் கை சிவக்கும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஆனால் கூம்பில் அடைத்து விற்கிற "கறுப்பு மருதாணி" சிறிது நேரத்திலேயே கறுக்கிறதே, அது எப்படி? முன்னே சொன்ன தலைச்சாயச் சரக்கை அதில் கலப்பதுதான் பெரும்பாலும் காரணம். எட்டு வயதில் கையில் அதை வைத்துக் கொப்புளம் கண்ட குழந்தை, இருபது வயதில் தலைக்குச் சாயம் போட்டால் முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிவரலாம். ஆகையால் இலையை வீட்டில் அரைத்து வையுங்கள். கறுப்புக் கூம்பைத் தொடாதீர்கள்.

மற்ற நாடுகளில்

இது நம் நாட்டில் மாத்திரம் உள்ள தொல்லையல்ல. இங்கிலாந்தில், முகச் சுருக்கத்தை மறைக்கும் போடாக்ஸ் ஊசியும், உதட்டைப் பருக்கச்செய்கிற ஊசியும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அழகுக்காகப் போடக்கூடாதென்று 2021-ஆம் வருஷம் அக்டோபர் முதல் சட்டம் நடக்கிறது. சுவீடனில் 2024-இல் ஒரு பெரிய மருந்துக்கடைக் கம்பெனியார், முதுமையைத் தடுக்கும் என்று விற்கப்படுகிற பசைகளை 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தாங்களாகவே விற்பதில்லையென்று வைத்துக்கொண்டார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் முதுமையைத் தடுக்கும் பசை கேட்டு வரிசையில் நிற்கிற உலகமாகிவிட்டது! முதுமை வருவதற்கு முன் இளமையாவது வரவேண்டாமா?

ஆனால் சட்டம் வந்து நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு காவல் காக்கப்போவதில்லை. நாம்தான் பார்க்கவேண்டும்.

ஆண் பிள்ளைகள்

இதுவரையில் பெண்ணைப் பற்றிப் பேசினேன் என்பதால், தகப்பன்மார்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லையென்று நினைத்துவிடாதீர்கள். பதின்மூன்று வயதுப் பையன் சினிமா நடிகரைப் பார்த்து முடிக்குச் சிவப்புச் சாயம் போட்டுக்கொண்டு வந்தால், "பையன்தானே, போகட்டும்" என்று சிரிக்கிறீர்கள். அதே வயதுப் பெண் நகத்தில் ஒரு பூச்சுப் பூசினால் வீடு அதிரக் கத்துகிறீர்கள். மருந்துக்கு ஆண் தலை, பெண் தலை என்று தெரியுமா? விதி ஒன்றானால் இருவருக்கும் ஒன்றாயிருக்கவேண்டும். பெண்ணுக்கு ஒரு நீதி, ஆணுக்கு ஒரு நீதி என்றால் அது மனுநீதியே தவிரப் பகுத்தறிவு நீதி ஆகாது.

தொழிலாளர் நிலை

கடைசியாக, அந்த நிலையத்தில் வேலை செய்கிற பெண்களையும் ஆண்களையும் பற்றி ஒரு வார்த்தை. நம் குழந்தை ஒரு நாள் அரை மணி நேரம் முகர்கிற ஆவியை அவர்கள் தினமும், ஜன்னலில்லாத சிறு அறையில் முகர்கிறார்கள். முடி வெளுக்கிற தூளில் உள்ள பெர்சல்ஃபேட் என்னும் சரக்கினால் இத்தொழில் செய்கிறவர்களுக்கு ஆஸ்துமா வருவதுண்டு. சாயத்தினால் கை வெடிப்பதுண்டு. முடி திருத்துகிறவர்களைத் தலைமுறை தலைமுறையாக இழிவுபடுத்தின சமூகம் இது. இன்று அதே தொழில் கண்ணாடி அறைக்குள் போனவுடன் காசை மரியாதையாகக் கொடுக்கிறோம். செய்கிறவருக்கு மாத்திரம் மரியாதை கொடுக்கிறோமா? உங்கள் குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லுகிறபோது அவரைக் குற்றவாளியைப்போல் பேசாதீர்கள். "இந்த வயதிற்கு வேண்டாம், அம்மா, முடி மாத்திரம் வெட்டிவிடுங்கள்" என்று சொல்லி, கூலியைச் சரியாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஒரு தாயின் கேள்வி

இங்கு வந்திருக்கிற ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார்: "நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் நாளைக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைத்தானே பார்க்கிறார்கள்? அதற்காகத்தானே இப்போதிருந்தே செய்கிறோம்?"

இது உண்மையான கேள்வி. அந்தத் தாய் தன் மகளின்மேலுள்ள அன்பினால்தான் கேட்கிறார். நான் அவருக்குச் சொல்லுவது இதுதான்: அம்மா, சந்தையில் மாடு விற்கிறவன்தான் கொம்புக்கு வர்ணம் பூசுகிறான். வாங்குகிறவன் நிறத்தைப் பார்க்கிறான் என்பதற்காக நீங்கள் பூச ஆரம்பித்தால், உங்கள் மகளை நீங்களே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றுதான் ஆகும். பன்னிரண்டு வயதிலிருந்து பசைக்கும் பிளீச்சுக்கும் கொடுக்கிற பணத்தை அவள் பேரில் போட்டுவையுங்கள். அவள் படிப்புக்குக் கொடுங்கள். சொந்தமாகச் சம்பாதிக்கிற பெண்ணின் வாசலில் நிறத்தைப் பேரம் பேசுகிறவன் வந்தால், அவளே அவனைத் திருப்பி அனுப்புவாள். அந்தத் தைரியத்தை எந்த அழகு நிலையத்திலும் பூசிவிட முடியாது.

ஆகவே தோழர்களே! சுத்தத்திற்கு வயதில்லை, உரோமம் எடுப்பதைக் குழந்தை கேட்டால் பாருங்கள், நீங்களாகத் தூண்டாதீர்கள், மருந்து வேலைக்கு 16 வயதாவது ஆகட்டும், வெளுப்பாக்குகிற வேலை எந்த வயதிலும் வேண்டாம். எதிலும் குழந்தை "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால், அந்த வார்த்தைக்குப் பெரியவர் வார்த்தைக்குள்ள மதிப்பைக் கொடுங்கள். தன் முடியைப் பற்றிச் சொன்ன "வேண்டாம்" வீட்டில் மதிக்கப்பட்டால்தான், வெளியே வேறொருவன் கை நீளும்போதும் அந்தக் குழந்தைக்கு "வேண்டாம்" என்று சொல்ல வாய் வரும்.

இவைகளை உங்கள் வீட்டிற்குப் போய் யோசித்து, சரியென்று பட்டதைச் செய்யும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.